நித்திரை முழிப்பது கெட்டித்தனமா?

போன மாதம் கண்டியில் ஒரு பாராட்டு விழா. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்கு மாலை போட்டார்கள். பிறகு பேச வந்த பெரியவர், "மூன்று இரவு கண்மூடாமல் படித்தவன்தான் இன்று டாக்டர்" என்றார். மண்டபம் அதிரக் கைதட்டல். பெற்றவர்களும் தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னும் எத்தனை தலைமுறைக்கு இந்தப் பொய்யை ஊட்டுவோம்? 1924இலேயே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இதைச் சோதித்துவிட்டார்கள். இரண்டே மாணவர்கள். அர்த்தமில்லாத பத்து அசைகளை மனப்பாடம் செய்தார்கள். செய்துவிட்டு எட்டு மணிநேரம் நித்திரை கொண்டால் பாதிக்கு மேல் நினைவிருந்தது. அதே எட்டு மணிநேரம் விழித்திருந்தால் மிஞ்சியது ஏறக்குறைய ஒன்று. பத்தில் ஒன்று! படித்ததை மூளை பதியவைக்கும் வேலையில் முக்கியமான பகுதி நித்திரையில் நடக்கிறது. அந்த நேரத்தைப் பிடுங்கிவிட்டு ஞாபகசக்தி இல்லையென்று பிள்ளையைத் திட்டுகிறோம்.

பரீட்சைக் காலத்தில் மகாவலிக் கரை விடுதிகளைப் பாருங்கள். விடிய விடிய விளக்கு, பிளேன்ரீ. காலையில் வினாத்தாளைக் கண்டதும், இரவு படித்த பக்கம் கண்ணுக்குள் நிற்கிறது, எழுத்து மட்டும் இல்லை. பத்தில் ஒன்று.

இந்தப் பழக்கம் கம்பஸில் தொடங்குவதுமில்லை. நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத்துப் பிள்ளை விடியுமுன் பஸ் ஏறிக் கண்டி ரியூசனுக்கு வருகிறது. இருட்டியபின் வீடு போகிறது. கம்பஸ் கிடைக்கத் தேவையான இஸட் புள்ளிக்காக இரண்டு வருடம் இப்படி. அந்த வகுப்புகளை விடியற்காலையில் வைக்கிறவர்களை ஒருவரும் கேட்பதில்லை.

கம்பஸுக்குள் போனால் பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமென்கிறது. ஆனாலும் புதுமுக மாணவர்களை நடுச்சாமத்தில் எழுப்பி நிறுத்துவதை "பழக்கிவிடுவது" என்று நியாயப்படுத்துகிறார்கள். படிப்போடு தங்குமிடமும் சேர்ந்ததுதான் பல்கலைக்கழகம் என்றே 1952இல் அதைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார்கள். நிம்மதியாகக் கண்ணயர முடியாத இடம் என்ன தங்குமிடம்?

அன்று அந்தப் பாராட்டு விழாவில் முன்வரிசையில் உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி, அந்தப் பேச்சுக்கு நடுவிலேயே தாயின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டான். பேச்சைக் கேட்கட்டுமென்று தாய் அவனைத் தட்டப் போனார். நான் எட்டி அவர் கையைப் பிடித்தேன். "விடுங்கம்மா, படுக்கட்டும்."