காவிரி 5-ஆம் கட்டம்: பெங்களூருக்குத் தண்ணீர் வந்தது, கழிவுநீருக்கு வழி என்ன?

பெங்களூரு: மாநகரின் எல்லையோரம் உள்ள 110 கிராமங்களுக்குக் காவிரி நீரை வழங்கும் 5-ஆம் கட்டக் குடிநீர்த் திட்டத்தை, கர்நாடக முதல்வர் சித்தராமையா 2024 அக்டோபர் 16-ஆம் தேதி தொடங்கி வைத்தார். ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் (ஜைகா) கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்ட இத்திட்டத்தின் திறன், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். அதுவரை நகருக்குக் கிடைத்து வந்த காவிரி நீர் சுமார் 145 கோடி லிட்டர் மட்டுமே.

அதே ஆண்டு கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, டேங்கர் லாரிகளை எதிர்பார்த்துக் காத்திருந்த மக்களுக்கு இத்திட்டம் பெரும் ஆறுதலாக அமைந்தது. எனினும், வீடுகளுக்குள் வரும் நீர் கழிவுநீராக வெளியேறியாக வேண்டும். அந்தக் கணக்கு இன்னும் நேர் செய்யப்படவில்லை.

வழங்கப்படும் குடிநீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது நகர்ப்புறத் திட்டமிடலில் பின்பற்றப்படும் அளவுகோல். அதன்படி, 5-ஆம் கட்ட நீர் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வரும்போது நாள்தோறும் ஏறத்தாழ 62 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகும்.

பின்தங்கும் சாக்கடைக் குழாய்கள்

இந்த 110 கிராமங்கள் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது 2007-ஆம் ஆண்டில். காவிரி நீர் வந்து சேர 17 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அங்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் பெருகிவிட்டன.

குடிநீரை மோட்டார் மூலம் அழுத்தம் கொடுத்து மேட்டுக்கும் ஏற்றிவிடலாம். காவிரி நீரே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பல கட்டங்களாக மேலேற்றப்பட்டே பெங்களூரை அடைகிறது. பாதாள சாக்கடையோ பெரும்பாலும் நிலத்தின் சரிவை நம்பியே இயங்குகிறது. ஓரிடத்தில் நிலம் கிடைக்காவிட்டாலும், சாலையைத் தோண்ட அனுமதி தாமதமானாலும், அதற்கு மேலுள்ள பகுதி முழுவதும் பயனற்றுப் போகும். இணைப்புக் கிடைக்காத கழிவுநீர் மழைநீர் வடிகால்களான ராஜகால்வாய்களில் புகுந்து ஏரிகளைச் சென்றடைகிறது.

அபராதம் யாருக்கு?

இதன் விளைவைப் பெல்லந்தூர் ஏரி உலகுக்குக் காட்டியது. நுரை பொங்கிச் சாலைக்குப் பறந்த அந்த ஏரியில் 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீயும் மூண்டது. 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு ரூ.50 கோடியும், மாநகராட்சிக்கு ரூ.25 கோடியும் அபராதம் விதித்தது. ஏரிச் சீரமைப்புக்கென ரூ.500 கோடியைத் தனிக் கணக்கில் ஒதுக்கவும் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டது.

சிக்கலின் வேர் பொறுப்புப் பங்கீட்டில் உள்ளது. சாக்கடைக் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் குடிநீர் மற்றும் கழிவுநீர் வாரியத்திடம் உள்ளன. மழைநீர் வடிகால்கள் மாநகராட்சியின் பொறுப்பு. பெல்லந்தூர் ஏரியைத் தூர்வாரும் பணி பெங்களூரு வளர்ச்சி ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விதிமீறலைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இத்தகைய ஏற்பாட்டில் ஒரு துறை மற்றொரு துறையைக் கைகாட்டுவது எளிது. விதிக்கப்படும் அபராதமும் இறுதியில் மக்களின் வரிப்பணமே.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

2018 பிப்ரவரி 16-ஆம் தேதி அளித்த காவிரித் தீர்ப்பில், பெங்களூரின் குடிநீர்த் தேவைக்காக உச்ச நீதிமன்றம் 4.75 டிஎம்சி நீரைக் கூடுதலாக ஒதுக்கியது. நகரின் பெரும்பகுதி காவிரிப் படுகைக்கு வெளியே இருப்பதை அது தடையாகக் கருதவில்லை.

மேற்குப் பகுதியின் கழிவுநீர் விருஷபாவதி வழியாக மீண்டும் காவிரிப் படுகைக்கே செல்கிறது. கிழக்குப் பகுதியின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணை ஆற்றில் கலக்கிறது. ஒசூர் அருகேயுள்ள கெலவரப்பள்ளி அணையில் ரசாயன நுரை பொங்குவதாக விவசாயிகள் தொடர்ந்து புகார் கூறுவதன் பின்னணி இதுதான். காவிரியில் கர்நாடகம் திறந்துவிடும் நீரின் அளவு தினந்தோறும் விவாதிக்கப்படுகிறது. தென்பெண்ணையில் வந்து சேரும் நீரின் தரம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

அடுத்த சோதனை

முறையாகச் சுத்திகரித்தால் கழிவுநீரும் வளமாகும். 2018 முதல் பெங்களூரின் சுத்திகரிக்கப்பட்ட நீர், வறட்சி மிகுந்த கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. இரண்டு கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் கட்டமும் தேவை என்ற கோரிக்கை அங்கே நீடிக்கிறது.

2025-இல் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் நடைமுறைக்கு வந்து, ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு வடிகால் பல மாநகராட்சிகளின் எல்லைகளைக் கடக்கும் நிலையில், பொறுப்பைத் தெளிவாக வரையறுக்காவிட்டால் பழைய குழப்பம் ஐந்து மடங்காகும். புதிய குடிநீர் இணைப்பு வழங்கும்போதே சாக்கடை இணைப்பையும் உறுதி செய்வதும், ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தும் வெளியேறும் நீரின் தரத்தைப் பொதுவெளியில் வெளியிடுவதும் உடனடித் தேவைகள். இவை நடைபெறாவிடில், 5-ஆம் கட்டத்தில் வந்த நீரின் ஒரு பகுதி நுரையாகத் தமிழக எல்லையை வந்தடையும்.