வரிசை கலைந்த பிறகு



ஹட்டன் பக்கத்தில் சில்லறைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எங்களுக்கு எழுதியிருக்கிறார். அவருடைய கடையில் முதலில் விற்காமல் நின்றது முட்டை. அடுத்தது பால்மா. பெரிய பக்கற் வாங்கியவர்கள் சின்ன பக்கற்றுக்கு இறங்கினார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டு வெறுந்தேத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டார்கள். கோதுமை மாவும் தேங்காயும் மட்டும் இன்றும் போகின்றன. இரவும் றொட்டி, விடிந்தாலும் றொட்டி. கடன் கொப்பியில் சில பெயர்களுக்கு எதிரே மாதக்கணக்கில் ஒரு சதமும் கழியவில்லை. கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அவர்களோ முகம் பார்க்கக் கூசி, மலையேறி வேறு கடைக்குப் போகிறார்களாம்.

இதே இலங்கையில்தான் பொருளாதார நெருக்கடி முடிந்துவிட்டது என்கிறார்கள். 2022-இன் எரிவாயு வரிசையும் பெற்றோல் வரிசையும் கலைந்துவிட்டன, உண்மைதான். ஆனால் உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021-ல் சுமார் 13 சதவீதமாக இருந்த வறுமை, 2022-ல் 25 சதவீதமானது. 2024-லும் ஏறத்தாழ அங்கேயேதான் நின்றது. நான்கு பேரில் ஒருவர்!

நம் தலைவர்களுக்குப் பசி வீதிக்கு வந்தால்தான் கண்ணில் படுகிறது. 1953-ல் பங்கீட்டுக் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஹர்த்தால் நடந்தது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 2022-ல் மக்கள் காலிமுகத்திடலில் திரண்டதால் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டே போனார். இந்த இரண்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். 1973, 74-ல் மலையகத் தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்களை யார் நினைக்கிறார்கள்? வாக்குரிமை பறிக்கப்பட்டவர்கள், வீதிக்கு வரவும் வழியற்றவர்கள். அவர்கள் சாவால் எந்த அமைச்சரும் பதவி இழக்கவில்லை.

அரிசிப் பங்கீட்டை 1979-ல் உணவு முத்திரையாக மாற்றினார்கள். முத்திரையின் பெறுமதி அதே ரூபாயில் நின்றது, விலைவாசி ஏறிக்கொண்டே போனது. ஒரு சில ஆண்டுகளிலேயே அதன் பாதி மதிப்பு கரைந்துவிட்டது. யாரும் அறிவித்து வெட்டவில்லை என்பதால் எதிர்ப்பும் எழவில்லை. ஏழையின் தட்டில் கைவைப்பதற்கு இதைவிடச் சத்தமில்லாத வழி வேறு இல்லை.

கோட்டாபய அரசு செய்ததோ பட்டவர்த்தனமாக நடந்தது. 2019-ன் இறுதியில் பெறுமதி சேர் வரியை 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்து அரச வருமானத்தை உடைத்தார்கள். 2021-ல் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தார்கள். விவசாயி கெஞ்சினான், விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், எவர் சொல்லும் காதில் ஏறவில்லை. நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் பெரும்பாலும் கடந்துபோயிருந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவு விலை முந்தைய ஆண்டைவிட 90 சதவீதத்துக்கும் மேல். பொருளாதாரச் சரிவுக்கு ராஜபக்ச சகோதரர்களும் உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பால் ஒருவரும் சிறை செல்லவில்லை. உடைந்த வருமானத்தை ஈடுகட்ட அதே வரி 2024-ல் 18 சதவீதமாகியது. வரி குறைந்தபோது மிச்சம் பிடித்தவர்கள் வேறு, ஏறியபோது கட்டுகிறவர்கள் வேறு.

தோட்டங்களைப் பற்றி இன்னொன்று. வளர்ச்சி குன்றிய குழந்தைகள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டங்களில் 32 சதவீதம் என்று 2016-ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பே சொல்லியது. அப்போது டொலர் நெருக்கடியும் இல்லை, உரத்தடையும் இல்லை. 2021-ல் 1000 ரூபாயாகவும் 2024-ல் 1350 ரூபாயாகவும் நாட்கூலி உயர்ந்தது பெரிய வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும் என்பதை மேடையில் எவரும் சொல்லவில்லை.

2023-ல் சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக அஸ்வெசும உதவித்தொகைத் திட்டம் வந்தது. பயனாளிகளின் முதல் பட்டியல் வெளியான சில வாரங்களில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் காசு கொடுத்து, பிரதேச செயலகத்தில் காத்திருந்து எழுதிய விண்ணப்பங்கள் அவை. பசித்தவர் தன் பசியைத் தானே நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாடு எனக்குக் கடும் கோபத்தைத் தருகிறது. அரசுகள் மாறியும் அந்த ஏற்பாடு மாறவில்லை.

அஸ்வெசுமவுக்கு மேன்முறையீடு செய்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். எப்போது கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது, பதிலே வராவிட்டால் அதையும். எழுதத் தெரியாத அயலவருக்காக நீங்கள் எழுதுங்கள். பெயரை வெளியிட மாட்டோம். வந்த கடிதங்களைப் பிரதேச செயலகப் பிரிவுவாரியாகத் தொகுத்து, அடுத்தடுத்த இதழ்களில் அச்சிட்டு, உரிய அமைச்சுக்கும் உங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புவோம். அவர்கள் தரும் பதிலையும் இதே பக்கத்தில் படிப்பீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்