கொட்டாங்கச்சி இருக்கக் கறுப்புப் பை எதற்கு?

பத்துக் கத்தரி நாற்று வாங்குகிறோம். நாற்றோடு பத்துப் பிளாஸ்டிக் பைகளும் வீட்டுக்கு வருகின்றன.

நாற்றைத் தரையில் நட்டாகிவிட்டது. பை என்ன ஆகிறது?

கொல்லையில் கிடக்கிறது. காற்றில் பறக்கிறது. சாக்கடையில் போய் அடைத்துக்கொள்கிறது. மழை பெய்தால் தெருவெல்லாம் தண்ணீர்! சில நேரம் அது மாட்டின் வயிற்றுக்குள்ளும் போய்விடுகிறது.

நாற்று அந்தப் பையில் இருந்தது எத்தனை நாள்? ஏறக்குறைய ஒரு மாதம். பையோ நம் பேரப் பிள்ளைகள் காலத்திலும் மட்காது.

ஒரு மாதக் குடித்தனத்துக்கு இப்படி ஒரு வீடா?

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல், ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கடைக்குத் துணிப்பை எடுத்துப் போகப் பலரும் பழகிக்கொண்டார்கள். நல்ல காரியம்.

அந்தப் பழக்கம் ஏன் நம் தோட்டத்துக்கு மட்டும் வரவில்லை?

கத்தரி எப்படி முளைத்தது?

"பிளாஸ்டிக் தொட்டி இல்லாமல் விதை போட முடியுமா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

பாலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டது 1933ஆம் ஆண்டில், இங்கிலாந்தில். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் வீட்டுக் குழம்பில் கத்தரிக்காய் கொதித்துக்கொண்டிருந்தது. அது எந்தப் பையில் முளைத்தது?

நம் பெண்களுக்கு விதை முளைக்க வைக்கும் வித்தையை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிறார்கள். கல்யாண வீட்டில் மண் கிண்ணத்தில் பாலிகை தெளிக்கிறார்கள். மண், எரு, விதை, தண்ணீர். வேறென்ன வேண்டும்?

வீட்டிலேயே தொட்டி

தொட்டி தேடிக் கடைக்கு அலைய வேண்டியதில்லை. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? உங்கள் அடுக்களையைச் சுற்றிப் பாருங்கள்.

முதலில் கொட்டாங்கச்சி. தேங்காய்க்கு மூன்று கண்கள் உண்டு. அதில் ஒன்று மெதுவானது. கண் இருக்கும் மூடியை எடுத்து, அந்த மெதுவான கண்ணைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். தண்ணீர் வடியும் வழி தயார்! கொட்டாங்கச்சி எளிதில் மட்காது. ஆகவே, நடும்போது நாற்றை மண்ணோடு தட்டி எடுத்துவிட்டு, மறுபடியும் அதிலேயே விதை போடலாம்.

அடுத்தது பழைய தினசரித் தாள். ஒரு பக்கத்தை நீளவாட்டில் மடியுங்கள். டம்ளரைச் சுற்றிச் சுருட்டுங்கள். டம்ளரின் அடிப்பக்கத்தில் மூன்று விரல் அளவு தாள் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அதை உள்ளே மடித்து அழுத்திவிட்டு, டம்ளரை உருவிவிடுங்கள். இதுதான் தாள் கிண்ணம். பசை வேண்டாம். பளபளக்கும் வண்ணத் தாள் மட்டும் கூடாது. கிண்ணங்களில் மண் நிரப்பி, ஒரு பழைய தட்டில் நெருக்கமாக அடுக்கிவிட்டால் ஒன்றுக்கொன்று தாங்கி நிற்கும்.

வாழை மட்டையையும் இப்படியே வளைத்து, வாழை நாரால் கட்டிக்கொள்ளலாம். விரிசல் விட்ட மண்சட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஒரே சட்டியில் ஐம்பது நாற்றுகூட விடலாம்.

முட்டை ஓட்டிலும் விதை போடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வேர் ஓட இடம் போதாது. இரண்டு இலை விட்டதும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட அது போதும்.

வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறதா? அதைத் தூக்கி எறியாதீர்கள்! உடையும் வரை அதிலேயே விதை போடுங்கள். புதிதாக வாங்காமல் இருந்தால் போதும்.

எதை எதில் போடுவது?

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் நாற்று விட்டு நட வேண்டியவை. இவற்றைக் கொட்டாங்கச்சியிலும் சட்டியிலும் போடலாம்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை ஆகிய கொடிகளுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. இவற்றுக்குத் தாள் கிண்ணமே ஏற்றது. கிண்ணத்தோடு அப்படியே நட்டுவிடலாம். தாள் மண்ணுக்குள் மட்கிவிடும். வேருக்கு ஒரு கீறல்கூட விழாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தாளின் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியக் கூடாது. தெரிந்தால் அது ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

வெண்டை, முள்ளங்கி, கீரை ஆகியவற்றுக்குத் தொட்டியே தேவையில்லை. நேராகத் தரையில் விதையுங்கள்.

விதைக்கும் முறை

செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய எரு ஒரு பங்கு. மூன்றையும் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். பச்சைச் சாணம் போடாதீர்கள். அதன் சூடு முளையைக் கருக்கிவிடும்.

விதை எவ்வளவு பருமனோ, அதைப் போல் இரண்டு மடங்கு ஆழத்தில் போட்டால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளை மேலே வரத் திணறும். பாகல், சுரை விதைகளுக்குத் தோல் கெட்டி. அவற்றை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள்.

மேலே கொஞ்சம் வைக்கோல் பரப்பிக் கையால் தண்ணீர் தெளியுங்கள். தக்காளி ஒரு வாரத்தில் முளைக்கும். மிளகாய் இன்னும் சில நாள் எடுக்கும். முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரே எமன்!

நான் முதன்முதலில் நாற்று விட்டது ஒரு பழைய தகர டப்பாவில். அடியில் ஓட்டை போடவில்லை. ஆசை மிகுதியில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். எட்டாம் நாள் எல்லாம் பச்சைப் பசேல் என்று நின்றது. பத்தாம் நாள் காலையில் பார்த்தால், அத்தனையும் அடித்தண்டு கருகித் தரையில் படுத்துக் கிடந்தது!

பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்தார். "மண்ணைத் தொட்டுப் பாத்து ஊத்தணும் தம்பி. தாகம் எடுக்காத பிள்ளைக்கு யாராவது தண்ணி கொடுப்பாங்களா?" என்றார்.

இந்த நோய்க்கு நாற்றழுகல் என்று பெயர். மண்ணில் இருக்கும் பூஞ்சணம், ஈரம் மிகுந்தால் பெருகி இளந்தண்டை அழுக வைக்கிறது. தடுக்க வழி மூன்று. தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். விதையை நெருக்கிப் போடக் கூடாது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற உயிர் மருந்தைக் கலந்து விதைக்கச் சொல்கிறார்கள் வேளாண்மை நிபுணர்கள். வீட்டுக்குப் போடும் பத்து, இருபது விதைக்கு ஒரு சிட்டிகையே அதிகம்.

இன்னொரு தவறும் நடக்கிறது. முளைப்பாரியை இருட்டு அறையில் வைத்து வளர்ப்பதால் அது உயரமாக, வெளுப்பாக வருகிறது. ஊர்வலத்துக்கு அது அழகு. காய்கறி நாற்று அப்படி வளர்ந்தால் ஒடிந்து விழும். முளைத்த நாள் முதல் காலை வெயில் படட்டும். நாள் ஆக ஆக வெயிலைக் கூட்டுங்கள்.

தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 நாளிலும் நடவுக்குத் தயாராகும். வெயில் தாழ்ந்த பிறகு, மாலையில் நடுங்கள்.

யார் செய்ய வேண்டும்?

வீட்டில் நாம் செய்வது இருக்கட்டும். நாற்றுப் பண்ணைக்காரர்களும் மனம் வைக்க வேண்டும். காலிப் பைகளையும் தட்டுகளையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே! திருப்பித் தருகிறவர்களுக்கு ஒரு நாற்று இலவசம் என்றால் யார் எறிவார்கள்?

பள்ளிக்கூடங்களில் மரக்கன்று விழா நடத்துகிறார்கள். பிள்ளைக்கு ஒரு கொட்டாங்கச்சி கொண்டுவரச் சொல்லி, அதில் ஒரு மிளகாய் விதை போடச் சொல்லுங்கள். செடி வளர்வதையும் கற்பான். குப்பை சேர்க்காமல் வாழ்வதையும் கற்பான். அரசு விழாக்களில் நாற்று வழங்கும்போது மண்சட்டியில் வழங்கினால், சக்கரம் சுற்றும் குயவர் வீட்டிலும் அடுப்பு எரியும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றார்கள் பெரியோர்கள். பட்டம் தேடச் சொன்னார்களே தவிர, பிளாஸ்டிக் தேடச் சொல்லவில்லை!

நேற்றைய தினசரி வீட்டில் இருக்கும். டம்ளர் அடுக்களையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள்.

தாளைச் சுருட்டுங்கள். விதையைப் போடுங்கள்!