கையெழுத்து போட்ட இந்தியா தேதி கேட்க வேண்டாமா?

தோழர்களே, 1987 ஜூலை 29இல்தான் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாங்க. அந்த வருஷமே இலங்கை அரசியல் சட்டத்தில் 13ஆவது திருத்தம் வந்தது. மாகாண சபைகள் பிறந்தன.

இத்தனை வருஷம் கழித்து நிலைமை என்ன?

வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததே 2013 செப்டம்பரில்தான். 38 இடங்களில் 30 இடங்களைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஜெயித்தது. 2018 அக்டோபரில் பதவிக்காலம் முடிஞ்சது. அதுக்கப்புறம் தேர்தலே இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான் மாகாணத்தை நடத்துறார். ஆளுநர் ஆட்சின்னா என்னன்னு தமிழ்நாட்டுக்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏன் நடக்கலை? 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் போட்டாங்க. அதுக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் நாடாளுமன்றமே தோற்கடிச்சது. பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை. பழைய முறையிலேயே நடத்த ஒரு சட்டத் திருத்தம் போதும். அநுர குமார திசாநாயக்க அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு பலம் இருக்கு. 2025 மே மாதம் உள்ளாட்சித் தேர்தலை நடத்தியும் காட்டிட்டாங்க. மனசு வைக்கணும், அவ்வளவுதான்.

"அடுத்த நாட்டு விஷயத்தில் நாம ஏன் தலையிடணும்?" என்று சிலர் கேட்பாங்க. இது தலையீடு இல்லை. ஒப்பந்தத்தில் நம்ம நாட்டுக் கையெழுத்து இருக்கு. பாவு ஏற்றிவிட்டு ஊடை ஓட்டாமல் விட்டால் சேலை வராதுன்னு ஆரணிப் பக்கத்து நெசவாளிக்குத் தெரியும்.

அதுக்காக மிரட்டச் சொல்லலை. 2015இல் நேபாள எல்லையில் சரக்கு லாரிகள் நின்றபோது அங்கே மக்கள் கோபம் முழுக்க இந்தியா மேல திரும்புச்சு. ஆனா 2022 நெருக்கடியில் இலங்கைக்குச் சுமார் 400 கோடி டாலர் உதவி செஞ்ச நாடு நாம். தமிழ்நாடும் அரிசி, பால் பவுடர், மருந்து அனுப்பியது. அந்த நட்போட உரிமையில் கேட்கலாம். 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி கொழும்பிலேயே மாகாண சபைத் தேர்தல் பற்றிப் பேசினார். நல்லது. ஆனா பேசியதோட நிற்கக் கூடாது. ஒவ்வொரு சந்திப்பிலும் "தேதி எப்போ?" என்று கேட்கணும்.

இன்னொன்னும் நேர்மையாச் சொல்லணும். நம்ம மாவட்ட ஊராட்சிகள் 2016 அக்டோபரில் இருந்து 2019 டிசம்பர் தேர்தல் வரைக்கும் தனி அலுவலர் கையில்தான் இருந்தது. 2025 ஜனவரியில் இருந்து மறுபடியும் அதே கதை. ஊருக்கு உபதேசம் சொல்ற நாம முதல்ல நம்ம வீட்டைச் சரி பண்ணணும். யாழ்ப்பாணமோ தெள்ளாரோ, ஓட்டுக்குத் தேதி வேணும்.

 ஆரணி தொகுதி எம்.பி. உட்பட தமிழ்நாட்டின் எல்லா எம்.பி.க்களும், எந்தக் கட்சியா இருந்தாலும், இதை அவையில் எழுப்பணும். பதிவைப் பகிருங்க, உங்க எம்.பி.யை டேக் பண்ணுங்க. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தேர்தல் எப்போ?

#மாகாணசபைத்தேர்தல்எப்போ

தகவல் தொழில்நுட்ப அணி, தெள்ளார் ஒன்றியம்