சட்டைப் பையில் மிக்ஸி ஓடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் இரவு வேலை முடிந்து நடந்து வீடு திரும்புகிறவர்களும், அவர்களுக்காக வாசலில் காத்திருப்பவர்களும் அவசியம் படிக்க வேண்டும்.

எங்கள் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு சண்டை. தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள எந்த டார்ச் லைட் நல்லது என்று ஒருவன் கேட்டான். உடனே ஒரு தம்பி, அட்டையில் 50,000 லுமன் என்று அச்சடித்த ஒன்றின் படத்தைப் போட்டு, "இதான் சார் மாஸ்" என்றான். இன்னொருவன், "செல்போன்லயே லைட் இருக்குது. இந்தக் காலத்துல பேட்டரி லைட் எதுக்கு?" என்று கேட்டுச் சிரித்தான். இருவருமே என்னிடம் படித்தவர்கள். இருவர் சொன்னதும் தப்பு. குழுவில் சொன்னால் காதில் விழாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சம்பவம். இதுவும் என்னிடம் படித்த பெண்தான். ஷூ கம்பெனியில் தையல் வேலை. போன ஐப்பசியில் ஒரு நாள் ஓவர்டைம். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும்போது மணி எட்டே முக்கால். அங்கிருந்து ஏரிக்கரை ஓரமாக ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர். வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிக் கொடுத்த சின்ன டார்ச் பையில் இருந்தது. சார்ஜ் போட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டதால் அது எரியவில்லை. போன் லைட்டைப் போட்டாள். அதில் இருந்த சார்ஜ் 4 சதவீதம். பாதி வழியில் அதுவும் அணைந்தது. அடுத்த ஐம்பது அடிக்குள் காலில் கண்ணாடி விரியன்.

உதவிக்கு 108-ஐக் கூப்பிட வேண்டிய போன் கையில் செத்துக் கிடந்தது. அந்த வழியாக வந்த பால்காரர் பைக்கில் தூக்கிக்கொண்டு போனதால் உயிர் தப்பினாள். சிறுநீரகம் பாதித்து ஆறு முறை டயாலிசிஸ். இரண்டு மாதம் சம்பளம் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது, "டார்ச் பையிலதான் சார் இருந்துச்சு" என்று சொல்லி அழுதாள். அந்த வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

இது ஏதோ ஒரு ஊரில் ஒருத்திக்கு நடந்தது என்று நினைக்காதீர்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். தமிழ்நாடு அரசு 2024-ல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததும் இதனால்தான். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இரவில் நடமாடுகிறவை. நாம் பார்க்காமல் மிதிப்பதுதான் பாதிப் பிரச்சினை.

இப்போது முதல் தம்பிக்கு. நான் இயற்பியல் பட்டதாரி அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, தொடக்கப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் பெருக்கலும் வகுத்தலும் சொல்லிக் கொடுத்தவன். இதற்கு அது போதும்.

லுமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. நல்ல எல்.இ.டி. டார்ச் ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லுமன் தரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 50,000 லுமனுக்கு எத்தனை வாட்? நூறால் வகுத்தால் 500. உன் அம்மா சட்னி அரைக்கும் மிக்ஸி 500 வாட் இருக்கும். சுவரில் செருகினால்தான் அது ஓடும். அந்த மிக்ஸியைச் சட்டைப் பையில் ஒரு விரல் அளவு பேட்டரியில் ஓட்டுகிறேன் என்று ஒருவன் அட்டையில் அச்சடிக்கிறான், நீ காசு கொடுக்கிறாய். நான்காம் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேனே!

பேட்டரியிலும் இதே பித்தலாட்டம். 18650 என்று ஒரு செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். உலகத்தின் நல்ல கம்பெனிகள் இந்த அளவு செல்லில் அடைப்பது சுமார் 3,500 எம்.ஏ.எச். வரைதான். சந்தையில் 9,900 என்று ஒட்டி விற்கிறார்கள். லேபிளிலேயே பொய் எழுதுகிறவன் உள்ளே என்ன வைத்திருப்பான்?

சரி, பொய் சொல்லாத கம்பெனியின் 1,000 லுமன் டார்ச் என்றே வைத்துக்கொள். அது கையில் சுடும். சூட்டுக்குப் பயந்து சில நிமிடங்களில் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அட்டையில் எஃப்.எல்.1 தரப்படி 'எரியும் நேரம் 5 மணி' என்று போட்டிருந்தால், வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம் என்று அர்த்தம். முழு வெளிச்சத்தில் ஐந்து மணி நேரம் என்று அர்த்தமில்லை.

1899-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஆதி டார்ச் லைட்டைத் தொடர்ந்து எரிய விட முடியாது. பேட்டரி அவ்வளவு பலவீனம். பளிச்சென்று போட்டு அணைக்க வேண்டும். ஃபிளாஷ் லைட் என்ற பெயரே அப்படி வந்ததுதான். நூற்று இருபத்தைந்து வருடம் கழித்து, இரண்டு நிமிடம் பளிச்சிட்டு மங்குகிற விளக்கை அதிகக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நடந்து வீடு போக எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? இருபது, முப்பது லுமன் காலடிக்குத் தாராளம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ அளவில் ரீசார்ஜ் செல் ஒன்று, 1.2 வோல்ட், 2,000 எம்.ஏ.எச். பெருக்கினால் 2.4 வாட் மணி. அதே நூறால் பெருக்கினால் 240. அதாவது 24 லுமன் வெளிச்சம் பத்து மணி நேரம். தினம் இருபது நிமிடம் நடக்கிறவளுக்கு ஒரு மாதம் வரும்.

இரண்டாவது தம்பிக்கு. செல்போன் லைட்டுக்கு ஒளியைக் குவிக்கும் கிண்ணம் கிடையாது, வெளிச்சம் சிதறிப்போகும். ஒரு கையில் டிபன் பை, மறு கையில் ஆயிரக்கணக்கில் விலையுள்ள போன், மழை. தவறி விழுந்தால் வெளிச்சமும் போச்சு, போனும் போச்சு. எல்லாவற்றையும்விட முக்கியம், போனில் இருக்கும் கடைசி சார்ஜ் 108-க்கு. அதை வெளிச்சத்துக்குச் செலவழிக்காதே.

ஆகவே நான் பார்த்த மூன்று வகைகளை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

சாவிக் கொத்தில் தொங்கும், பேட்டரியைக் கழற்ற முடியாத யூ.எஸ்.பி. டார்ச்: இலகுவானது, மலிவு. ஆனால் சார்ஜ் போட மறந்தால் வெறும் பொம்மை. பேட்டரி தேய்ந்தால் குப்பை. அந்தப் பெண் பையில் இருந்தது இதுதான்.

18650 செல் போடும் தடித்த டார்ச்: வயல் காவலுக்கும், இரவு மோட்டார் போடப் போகிறவர்களுக்கும் நல்லது. ஆனால் ஊர்ப் பெட்டிக் கடையில் செல் கிடைக்காது. தனி செல்லைச் சாவி, சில்லறையோடு பையில் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.

ஒற்றை ஏஏ செல் டார்ச்: என் ஓட்டு இதற்கே. ரீசார்ஜ் செல் தீர்ந்தால் எந்தப் பெட்டிக் கடையிலும் ஒரு சாதாரண செல் வாங்கிப் போட்டுக்கொண்டு நடக்கலாம். ஒரே பொத்தான், போட்டதும் குறைந்த வெளிச்சத்தில் எரிய வேண்டும், மழைச் சாரலைத் தாங்க ஐ.பி.எக்ஸ்.4 இருக்க வேண்டும். கண்ணைக் கூசவைக்கும் மினுக்கல் விளையாட்டு இல்லாதது உத்தமம். சாதாரண செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவிடாதீர்கள், கசிந்து டார்ச்சையே அரித்துவிடும்.

வெளிச்சத்தின் நிறத்தையும் பாருங்கள். டேனரியில் தோலின் நிறம் பார்த்துப் பிரிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ட்யூப் லைட்டில் ஒரே பிரவுனாகத் தெரியும் இரண்டு தோல், ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் வேறு வேறாக இருக்கும். நீலம் பாய்ந்த மலிவு டார்ச்சில் செம்மண், சருகு, சுருட்டை விரியன் மூன்றும் ஒரே சாம்பலாகத் தெரியலாம். அட்டையில் சி.ஆர்.ஐ. 90 என்றோ அதற்கு மேலோ போட்டிருந்தால் நிறம் உள்ளபடி தெரியும்.

"தெருவிளக்கு போடாத பஞ்சாயத்தை விட்டுவிட்டு ஜனங்களை டார்ச் வாங்கச் சொல்கிறீர்களே" என்று கேட்பீர்கள். நியாயம். டார்ச் தெருவிளக்குக்கு மாற்று அல்ல. ஏரிக்கரை விளக்குக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், மறுபடியும் கொடுப்பேன். ஆனால் அந்த விளக்கு எரியும்வரை அந்தப் பெண் தினமும் அதே வழியில்தான் நடக்கிறாள்.

ஷூ கம்பெனி நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வருடா வருடம் பண்டிகைக்கு எவர்சில்வர் டப்பா கொடுக்கிறீர்கள். எல்லார் வீட்டிலும் பரண் நிறைய டப்பா இருக்கிறது. இந்த வருடம் ஆளுக்கு ஒரு ஏஏ டார்ச், இரண்டு ரீசார்ஜ் செல் கொடுங்கள். கேன்டீனில் ஒரு சார்ஜர் வையுங்கள். இரவில் பெண்களை இருட்டான மெயின் ரோட்டில் இறக்கிவிடுகிறவர்களுக்கு இதில் கடமை இருக்கிறது.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனை. மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

அந்தப் பெண் இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறாள். நான் கொடுத்த டார்ச் அவள் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் செல் மாற்றினாளா என்று போன் செய்து கேட்கிறேன். "மாத்திட்டேன் சார்" என்கிறாள்.

உங்களுக்கும் வீட்டுப்பாடம். இன்று இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் டார்ச்சைத் தேடி எடுத்துப் போட்டுப் பாருங்கள். எடுக்க எத்தனை நொடி ஆனது, எரிந்ததா, இல்லையா? கீழே எழுதுங்கள். பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். வாத்தியார் அல்லவா!