அச்சாணியே போலி என்றால்...

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பார்கள் பெரியவர்கள். சரிதான். அச்சாணி இல்லையென்றால் யாரும் தேரை இழுக்கவே மாட்டார்கள், ஆபத்தும் இல்லை. ஆனால் அச்சாணி இருக்கிறது, பார்க்கப் பளபளவென்றும் இருக்கிறது, உள்ளே மட்டும் சரக்கு இல்லை என்றால்? தேர் கிளம்பிவிடும். பாதி வீதியில்தான் விஷயம் தெரியும். போலி உதிரிப் பாகத்தின் ஆபத்தே அதுதான் நண்பர்களே!

துப்பாக்கியிலும் அப்படி ஓர் அச்சாணி உண்டு. குறி பார்க்கும் தொலைநோக்கியை, அதாவது ஸ்கோப்பை, துப்பாக்கியின் மேல் பிடித்து நிறுத்தும் மவுண்ட். இரண்டு வளையம், ஓர் அடிப்பாகம், சில ஸ்க்ரூ, அவ்வளவுதான். பெயர் பெற்ற கம்பெனிகளின் மவுண்ட்களுக்கு இன்று உலகச் சந்தையில் டூப்ளிகேட் ஏராளம். பொம்மைத் துப்பாக்கிக்கென்று செய்த நகல், அதே பெயர், அதே முத்திரையோடு நிஜத் துப்பாக்கிக்காரன் கைக்குப் போய்ச் சேருகிறது.

"ஒரு துண்டு அலுமினியத்தில் என்னப்பா பெரிய வித்தியாசம்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 100 மில்லிமீட்டர் நீள மவுண்டின் ஒரு முனை 0.1 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நம் ரெக்கார்டு நோட்டின் ஒரு தாள் கனம். 100 மீட்டர் தூரத்தில் குறி 10 செ.மீ. விலகிவிடும். 500 மீட்டரில் அரை மீட்டர். அது ஓர் ஆளின் அகலம்! கோணல் நிலையாக இருந்தாலாவது ஸ்கோப்பின் திருகைத் திருப்பிச் சரி செய்துகொள்ளலாம். ஒவ்வொரு வெடிக்கும் இடம் மாறுகிற மவுண்டை எந்தத் திருகால் திருத்துவது?

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. 6061-டி6, 7075-டி6 இரண்டும் அலுமினியக் கலவைகள். எடை ஏறக்குறைய ஒன்று. கறுப்பு அனோடைசிங் போட்டுவிட்டால் இரட்டைப் பிள்ளைகள்தான். ஆனால் முதலாவது சுமார் 275 மெகாபாஸ்கல் தகைவிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கும். இரண்டாவது சுமார் 500 வரை தாங்கும். பிரினெல் கடினத்தன்மை ஒன்றுக்கு 95, மற்றதற்கு 150. ஆக, கண்ணுக்குத் தெரியாத பொய்யை, லேபில் உறை போட்டு நிற்கும் கடினத்தன்மை மெஷின் சில நிமிஷத்தில் சொல்லிவிடும்.

"துப்பாக்கிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். நாம் இருக்கும் ஊரைப் பாருங்கள். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்டது ஆவடி டாங்கித் தொழிற்சாலை. பக்கத்திலேயே டாங்கிகளை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.இ. பாடியில் போல்ட், நட் செய்தே பெயர் வாங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ். நடுவில் 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டும் அதன் சந்துபொந்தெல்லாம் பட்டறைகளும். டிப்ளமோ முடித்ததும் நம்மில் எத்தனையோ பேர் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, கையில் வெர்னியரோடு நிற்கப் போகிறோம். 'சரி' என்று முத்திரை குத்தும் கை நம் கைதான்!

ஜபல்பூரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே தயாராகும் 155 மி.மீ. தனுஷ் பீரங்கிக்கு வாங்கிய பேரிங்குகள் பற்றி 2017 ஜூலையில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. டெல்லி நிறுவனம் ஒன்று 2014-ல் கொடுத்த ஆறு பேரிங்குகளில் 'ஜெர்மனியில் செய்தது' என்று பொறித்திருந்ததாம். விசாரித்தால் சீனச் சரக்கு என்பது குற்றச்சாட்டு. விலை சுமார் 53 லட்ச ரூபாய். அதைவிட என்னை உறுத்தியது வேறு. அளவில் வித்தியாசம் இருப்பது சோதனையிலேயே தெரிந்ததாம். "சின்ன வித்தியாசம்தான், வேலையைப் பாதிக்காது" என்று கம்பெனி ஒரு கடிதம் கொடுக்க, சரக்கு ஏற்கப்பட்டது என்கிறது அந்த வழக்கு. யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நமக்கான பாடம் ஒன்று உண்டு. அளவுகோல் சொன்ன உண்மையை ஒரு கடிதம் அமுக்கிவிடக் கூடாது. தனுஷ் பல சோதனைகளைத் தாண்டி 2019 ஏப்ரலில் ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது என்பது ஆறுதல்.

எல்லா இடத்திலும் அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. 1989 செப்டம்பர் 8 அன்று நார்வேயிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்ட ஒரு விமானம் டென்மார்க் அருகே கடலில் விழுந்து 55 பேரும் மாண்டார்கள். வால் பகுதியைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் தரமற்ற போலிகள் இருந்ததை விசாரணை கண்டுபிடித்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லோக்கல் வேறு, டூப்ளிகேட் வேறு. அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் தன் சொந்தப் பெயரைப் பொறித்து, இதுதான் மெட்டீரியல், இவ்வளவுதான் தாங்கும் என்று விற்றால் அது நேர்மையான தொழில். அடுத்தவன் பெயரைப் பொறித்தால்தான் களவு. வெளிநாட்டுப் பெயரைக் கண்டதும் மைக்ரோமீட்டரைக் கீழே வைத்துவிடுகிற நம் மோகம்தான் அந்தக் களவுக்கு முதலீடு.

போலி, லேத்தில் மட்டும் பிறப்பதில்லை. பேப்பரிலும் பிறக்கிறது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் பயிற்சிக்குப் போனபோது கண்ணால் பார்த்தது இது. இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் ஓர் அக்கா இருந்தார். சூப்பர்வைசர் வந்து, "ஏம்மா, அம்பதுல அஞ்சு பாத்துட்டேல்ல? மிச்சத்துக்கும் அதே மாதிரி எழுதிப் போட்டுடு. வண்டி வாசல்ல நிக்குது" என்றார். ஐம்பதில் ஐந்தை அளப்பது தப்பில்லை, சாம்பிள் எடுக்க முறை இருக்கிறது. ஐந்தை அளந்துவிட்டு ஐம்பதையும் அளந்ததாக எழுதுவதுதான் தப்பு. அந்த அக்கா ஐந்து கட்டத்தை மட்டும் நிரப்பி, மீதியைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டார். "காலியா இருந்தா கேள்வி கேப்பாங்களேக்கா" என்றேன். "கேக்கட்டும். அதுக்குத்தானே கட்டம் போட்டிருக்கு" என்றார். மூன்று வருஷப் படிப்பில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

பட்டறை முதலாளிகளின் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. யார் ரேட் குறைவோ அவருக்கே ஆர்டர். பில் பணம் வர மாதக்கணக்காகிறது. இதில் டெஸ்டிங் மெஷின் வாங்க எங்கே போவார்கள்? கிண்டியில் மத்திய அரசின் சிறுதொழில் சோதனைக் கூடம் இருக்கிறது. ஆனால் அவசர வேலையை வைத்துக்கொண்டு ஒரு துண்டு உலோகத்துக்காக அவ்வளவு தூரம் அலைய எல்லாராலும் முடியாது.

ஆகவே நம் பேரவைக்கு ஒரு கோரிக்கை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நம் மெட்டீரியல் டெஸ்டிங் லேபைச் சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்குத் திறந்துவிடுவோம். ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே சோதிக்கட்டும், கட்டணம் பெயருக்கு இருந்தால் போதும். அவர்களுக்குத் தங்கள் சரக்கின் உண்மை தெரியும். நமக்கோ, பரீட்சைக்கு விடை தெரிந்த மாதிரித் துண்டுக்குப் பதில், விடை தெரியாத நிஜ ஜாப் கைக்கு வரும். அளந்ததை மட்டுமே எழுதும் பழக்கமும் கூடவே வரும்.

முதல் சனிக்கிழமைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்!