கரையோரப் பாடசாலைகளும் கூட்டு முயற்சியும்
இலங்கையில் கற்றல் சாதனங்களை வாங்க அரசு வழங்கும் 'தர உள்ளீட்டு நிதி' பெரும்பாலும் மாணவர் தொகையை ஒட்டியே கணக்கிடப்படுவதால், மன்னார்க் கரையோரத்தின் சிறு பாடசாலைகளுக்குக் கிடைப்பது சொற்பமே. அதிபரும் ஆசிரியரும் பெற்றோரும் அங்கம் வகிக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கடற்றொழில் முடங்கும் மாதங்களில் பெற்றோரிடம் பணம் கேட்கத் தயங்குவதும் நியாயமே. ஆகவே பேசாலை, எருக்கலம்பிட்டி, வங்காலை ஊர்களின் பெரிய பாடசாலைகளும் சிறியவையும் ஒரே திட்டமாக இணைந்து நிதி கோருவதே தக்கது. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் பட்டியலில் 2010இல் சேர்க்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தில், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் பூநாரைகளை எண்ண, உயர்தர மாணவர்கள் நீரின் உவர்ப்பை அளந்து பதிய, சில தொலைநோக்கிகளும் ஓர் உவர்ப்புமானியும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலே போதும். இத்தகைய கூட்டு விண்ணப்பத்தைத் தயாரிக்க வலயக் கல்விப் பணிமனை முன்வர வேண்டும்.